சைவக் குளம்

எனக்கு மூக்கு கூர்மை. அது ஒரு சாபம். பக்கத்துத் தெருவில் கருவாடு வறுத்தால் இங்கே எனக்குத் தலைவலி வரும். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மத்தியானம் ஆனால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். நாலு பேர் டப்பாவைத் திறப்பார்கள், நான் முகத்தைச் சுளிப்பேன், அவர்கள் மனம் கோணும், எதற்கு வம்பு. இப்படிப்பட்ட என்னைத்தான், பென்ஷன் வாங்கிக்கொண்டு அக்கடா என்று இருக்க வேண்டிய வயதில், வாசலில் நின்றால் வாந்தி வருகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தான் என் கூடப்பிறந்த அண்ணன் உமாசங்கர்.

வீடு மாறவில்லை. தென்காசியை ஒட்டிய எங்கள் ஊரில், சிவன் கோவில் தெப்பக்குளத்தின் மேலக்கரையில், அவன் வீடும் என் வீடும் சுவரோடு சுவர் ஒட்டித்தான் நிற்கின்றன. குளத்தைத்தான் அவன் மாற்றிவிட்டான்.

அண்ணன் தென்காசி பஜாரில் உரக்கடை வைத்திருந்தவன். எந்தப் பயிருக்கு யூரியா எவ்வளவு, பொட்டாஷ் எப்போது என்று வருகிற போகிற சம்சாரிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். கடையை விட்டபின் கோவிலுக்குத் தர்மகர்த்தா ஆனான். எங்கள் வீடுகளில் வெள்ளி செவ்வாய் என்றால் வெங்காயம் கூட உள்ளே வராது. முட்டை என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். அதிலும் அண்ணன் எங்கள் எல்லோரையும் விட ஒரு படி மேல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மதினி முத்துசெல்வி திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு அண்ணன் சாப்பாட்டை விட்டுவிட்டான் என்றே சொல்லலாம். நான் கொண்டுபோய் வைக்கிற தட்டு வைத்த இடத்திலேயே ஈ மொய்த்துக் கிடக்கும். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டான். அடுத்தது இவன்தான் என்று நான் உள்ளூர அழுதுகொண்டிருந்தேன். ஒருநாள் காலை, தின்னாத சோற்றைக் குளத்துப் படியில் இறங்கி உதறியிருக்கிறான். நெற்றியில் வெள்ளைத் தழும்பு உள்ள பெரிய கட்லா மீன் ஒன்று மேலே வந்து, வாயை ஆவென்று திறந்து, அதை வாங்கிக்கொண்டு போயிற்றாம். அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அன்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, ரசம் இருக்கா என்று தானாகக் கேட்டான்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் தானே உலை வைப்பான். முதல் பிடிச் சோற்றை நெய் விட்டுப் பிசைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படியிறங்குவான். கட்லா வந்து தின்றால்தான் இவன் தின்பான். அதைச் செல்வி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை; அந்த மட்டுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் அதனிடம் பேசுவான். இன்றைக்கு உப்பு கூடிவிட்டதா என்று அதைக் கேட்டதை என் காதாலேயே கேட்டேன். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. வழவழவென்று ஒரு வாய், அதற்குள் விரலை விடாத குறையாக ஊட்டுகிறவன் என் அண்ணன். இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். அந்த மீன் வராமல் போனால் இவன் மறுபடி பட்டினி கிடப்பான், அப்புறம் இவனைப் பிழைக்க வைக்க என்னால் ஆகாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வினை ஒரு பிரதோஷத்தன்று வந்தது. படியெல்லாம் கூட்டம். பிள்ளைகள் பொரி எறிந்துகொண்டிருந்தார்கள். பொடி மீன்கள் பொரிக்கு முண்டியடித்தபோது, பாசிக்குள்ளிருந்து கரிய வரால் ஒன்று பாய்ந்து, அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு தலையை ஆட்டியது. வாய்க்கு வெளியே வால் மட்டும் துடித்தது. ஒருத்தி தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். அண்ணன் முகம் வெளிறிவிட்டது. கோவில் தண்ணீரில், அதுவும் பிரதோஷத்தன்று, கொலை. தவிர, இந்த அரக்கன் நாளைக்குக் கட்லாவையும் கடித்துவிட்டால்?

மறுநாளே கமிட்டி கூடியது. குளம் சைவமாக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மீன் மீனைத் தின்னாமல் வெண்பொங்கலா தின்னும் என்று கேட்டேன். கோவில் மீன் வேறு என்றான் அண்ணன். பெரியவர்கள் நாலு பேர் தலையை ஆட்டினார்கள்.

அச்சன்புதூர்ப் பக்கம் குளங்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் பிடிக்கிற இசக்கிப்பாண்டி அண்ணாச்சிக்கு ஆள் போயிற்று. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஆறடி உயரம், மீசை. வலையும் ஆட்களுமாக வந்தார். சன்னதியில் சூடம் கொளுத்தி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வராலும் கெளுத்தியுமாகத் தேடித் தேடிப் பிடித்து நீல டிரம்களில் போட்டார். முழங்கை நீளம், கோழையில் முக்கி எடுத்த மாதிரி, ஒவ்வொன்றும் டிரம்முக்குள் திமிறியது. நான் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து பார்த்தேன். இதுகளை எங்கே விடுவீர்கள் என்று அண்ணன் கேட்டதற்கு, நல்ல இடமாகப் பார்த்து விட்டுவிடுவதாகச் சொன்னார். குற்றாலத்தில் அப்போது சீசன். அந்த நல்ல இடம் எந்தெந்த ஓட்டல் குழம்புச் சட்டி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அவருக்கும் ஆட்களுக்கும் வடையும் காப்பியும் கொடுத்து அனுப்பினான்.

பிறகு பட்டர் வந்து மந்திரம் சொல்லித் தண்ணீருக்குத் தண்ணீரே தெளித்தார். படித்துறையில் பலகை வைத்தார்கள்: இது சைவத் திருக்குளம், மீன்களுக்கு உணவிட்டுப் புண்ணியம் பெறுக. இந்தியாவில் வேறெங்கும் இல்லாத குளம் என்று எவனோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். போதாதா? ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிற வேனெல்லாம் எங்கள் தெருவுக்குத் திரும்பியது. கார்த்திகை வந்ததும் மாலை போட்ட சாமிமார் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அருவியில் நனைந்த தலை இன்னும் காதோரம் சொட்ட, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொரிப் பொட்டலம்.

பொரியோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. பிரெட், பிஸ்கட், கட்டுச்சோற்றில் மிஞ்சிய புளியோதரை, தயிர்சாதம், திதி கொடுத்த பிண்டம், காரச்சேவு. ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்கையே வெட்டி எறிந்தது. அதில் முட்டை இருக்கிறதே, உன் சைவம் என்னாயிற்று என்று அண்ணனைக் கேட்டேன். காது கேட்காதவன் மாதிரி கோபுரத்தைப் பார்த்தான். வெறும் கவரையும் தண்ணீரிலேயே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். பக்தி என்று சொல்லி மனுஷன் எச்சிலைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம் ஆகிவிட்டது சாமி குளம்.

பிடித்துத் தின்ன வரால் இல்லாமல் போனதால் ஜிலேபிக்கெண்டைப் பொடி மீன் பெருகிற்று. எத்தனை என்றால், படியில் காலை வைத்தால் தண்ணீருக்கு முன்னால் மீன்தான் காலில் படும். தண்ணீர் நிறம் மாறியது. முதலில் கொத்தமல்லி அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. தை பிறந்தபோது பச்சைப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல் ஆகிவிட்டது. கையை விட்டு எடுத்தால் மணிக்கட்டு வரை பச்சை. கரையோரம் பாசி ஏடு கட்டி, அதன் மேல் ஊறிய பொரி புழு மாதிரி வெள்ளை வெள்ளையாக உப்பி, அதில் தாடி போலப் பூஞ்சை முளைத்துக் கிடந்தது. அடிச்சேற்றிலிருந்து குமிழி வந்து உடையும். உடைந்தால் ஒரு நாற்றம் பாருங்கள், நீராகாரம் கெட்டது, சாக்கடை, அழுகிய முட்டை மூன்றும் சேர்ந்த நாற்றம். அது ஜன்னல் இடுக்கு வழியாக வந்து என் படுக்கை உறையில் உட்கார்ந்துகொண்டது. காப்பியைக் குடித்தால் காப்பியில் அது. அந்தத் தண்ணீரைத்தான் செம்புக்குடத்தில் மொண்டு சுவாமிக்கு அபிஷேகம் செய்தார்கள். தீர்த்தம் என்று உள்ளங்கையில் விட்டார்கள். நான் வாங்காமல் கையை இழுத்துக்கொண்டேன். இராமலட்சுமிக்குச் சர்வீஸ் முடிந்தும் ஆபீசர் திமிர் போகவில்லை என்று பேசிக்கொண்டார்களாம்.

கிண்ணத்தோடு இறங்குகிற அண்ணனுக்கு மட்டும் எந்த நாற்றமும் தெரியவில்லை. அவனுக்கு அது பொற்காலம். முன்பெல்லாம் கட்லாவுக்காக அவன் காத்திருக்க வேண்டும். இப்போது அவன் வாசல் திறக்கும் முன்பே அது படிக்கருகே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. அது மட்டுமல்ல, குளத்து மீன் பூராவும் விடியற்காலையில் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் முழுக்க வாய்கள். எனக்கு உடம்பு கூசிற்று. பார்க்க வந்தவர்களோ உருகிப்போனார்கள். பாவம், ராத்திரியெல்லாம் பட்டினி, நம்மைப் பார்த்ததும் கேட்கிறதே என்று பொட்டலம் பொட்டலமாகக் கொட்டினார்கள். வெயில் ஏறியதும் மீன்கள் கீழே போய்விடும். வயிறு நிறைந்து போவதாக எல்லோருக்கும் திருப்தி. அண்ணனுக்குக் கன்னத்தில் சதை கூட வைத்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. என்னோடு வேலை பார்த்தவளின் மகள் ஸ்ரீமதி மீன்வளத் துறையில் இருக்கிறாள். அவளுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். ஸ்கூட்டரில் வந்தாள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் சரியில்லை. வாசலில் நாற்காலி போட்டு அண்ணனையும் உட்கார வைத்துச் சொன்னாள். வரால் பொடி மீனைத் தின்று அதன் பெருக்கத்தை அடக்கி வைத்திருந்தது. வராலை வெளியேற்றியதும் பொடி மீன் பெருகி, தண்ணீரில் இருந்த பொடிப் பூச்சிகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டது. அந்தப் பூச்சிகள்தான் பச்சையைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருந்தவை. இப்போது பச்சையைத் தின்ன யாரும் இல்லை. மேலிருந்து அதற்குத் தீனி மட்டும் விழுந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் மீனுக்குத்தானே போடுகிறோம் என்றான் அண்ணன்.

"மீன் தின்னது போக மிச்சமும், மீன் தின்னு கழிஞ்சதும் தண்ணிக்குள்ளதான சார் கெடக்கு," என்றாள் ஸ்ரீமதி. "நீங்க சோறு போடல. உரம் போடுதீங்க."

ஆயுள் முழுக்க உரம் விற்றவனிடம் இதைச் சொன்னால் புரியாமல் இருக்குமா? புரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது. உரத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த வந்துவிட்டாயா என்று எழுந்து போய்விட்டான். அவன் போனபின் ஸ்ரீமதி என்னிடம் மிச்சத்தையும் சொன்னாள். அந்தப் பச்சை பகலில் வெயிலில் தண்ணீருக்குள் மூச்சுக்காற்றை உண்டாக்குகிறது. இரவில் அதுவே காற்றை இழுத்துக்கொள்கிறது. அடியில் அழுகுகிற சோறும் இழுக்கிறது. விடியும்போது தண்ணீரில் காற்றே இராது. மீன் மேலே வந்து வாயைத் திறப்பது அதற்குத்தான். நாலு நாள் சேர்ந்தாற்போல் மூட்டம் போட்டால் குளம் தாங்காது, உடனே தீனியை நிறுத்துங்கள், கால்வாய்த் தண்ணீரை விடுங்கள், வராலைத் திரும்ப விடுங்கள் என்றாள்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் போனேன். பூசி மெழுக எனக்கு வராது.

"அண்ணே, அது பசியில வரல. மூச்சு முட்டி வருது. நீ சோறு போடப் போட அதுக்கு இன்னும் முட்டுது."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மூணு வருசமா வருது. எனக்குத் தெரியாதா அது எதுக்கு வருதுன்னு?"

அது ஒருவகையில் நிஜம். ஆரம்பத்தில் அது தின்னத்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு இவனோடு எப்படி வாதாடுவது? வராலை விடுவது என்ற பேச்சை எடுத்ததற்கே, என் பிணத்தின் மேல் விடு என்றான். மறுநாளிலிருந்து ஒரு பிடி இரண்டு பிடி ஆயிற்று. என்மேல் உள்ள ஆத்திரத்தில் போட்டான். கமிட்டிக்காரர்களிடம் போய்ச் சொன்னேன். மீனுக்குச் சோறு போடாதே என்று சொல்கிற முதல் ஆள் நீதான் அம்மா என்றார்கள். கால்வாயிலோ பங்குனி முதல் பொட்டுத் தண்ணீர் இல்லை. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியுமா?

வைகாசி கடைசியில் மூட்டம் போட்டது. மலையில் மட்டும் சாரல். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று தென்காசி பூராவும் சந்தோஷம். எங்கள் ஊரில் ஒரு துளி இல்லை, காற்று கூட இல்லை. வானம் மூடியது மூடியபடி நாள் கணக்கில் கிடந்தது. நான் மட்டும் ஸ்ரீமதி சொன்ன நாலு நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சீசன் கூட்டம் பொரியோடு வந்து இறங்கியது.

ஐந்தாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தவள் மூடக்கூட முடியாமல் நின்றேன். பச்சை போய்விட்டது. தண்ணீர் சட்டி கழுவின நீர்போல் பழுப்பாகக் கிடந்தது. அதன் மேல் வெள்ளை வயிறுகள், கரைக்குக் கரை, இடைவெளி இல்லாமல். கண்களைக் காக்கை கொத்தத் தொடங்கியிருந்தது. வாடை இல்லை அது, ஒரு அடி. வாசலுக்கு ஓடி, பூந்தொட்டி மேலேயே வாந்தி எடுத்தேன்.

ஊர் கூடிவிட்டது. எவனோ மருந்து கலந்துவிட்டான், போலீசுக்குப் போகலாம் என்று ஒரு கூட்டம். வேற்று மதத்தான் வேலை என்று சொல்லவும் ஒருவன் இருந்தான். ஊருக்கு ஆகாது, பரிகாரம் செய்ய வேண்டும் என்று இன்னொரு கூட்டம். எல்லோர் கையிலும் போன், எல்லோர் மூக்கிலும் துண்டு. மதுரைப் பக்கத்து வேனிலிருந்து இறங்கிய ஒருத்தி, சாகாமல் மிஞ்சியிருந்த நாலைந்து வாய்களைப் பார்த்து ஐயோ பாவம் என்று பொட்டலத்தைப் பிரித்தாள். நான் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அவள் வைத வசவு எனக்கு உறைக்கவில்லை. தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது, யார்மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை. இசக்கிப்பாண்டி அண்ணாச்சியே டிராக்டரோடு வந்து சேர்ந்தார். அவர் ஆட்கள் கூடை கூடையாக அள்ள, கூடையிலிருந்து வழிந்த தண்ணீர் என் வாசல் கோலத்தின் மேல் கோடு போட்டுக்கொண்டு போயிற்று.

அண்ணனை அப்போதுதான் கவனித்தேன். கிண்ணத்தோடு படியில் உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே அந்தத் தண்ணீருக்குள் இருந்தான். செத்த மீன்கள் அவன் வேட்டியில் வந்து முட்டிக்கொண்டிருந்தன. கோவிலுக்குள்ளிருந்து அபிஷேகத் தண்ணீர் வடிகிற கல்தூம்பு அங்கேதான் இருக்கிறது. குளத்தில் மொள்ள முடியாமல் பட்டர் அன்று காலையில் அடிபம்பிலிருந்து இறைத்து ஊற்றிய நல்ல தண்ணீர் அதில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஒழுக்கின் கீழே கட்லா. பாதி சாய்ந்துவிட்டது. உயிர் இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. அண்ணன் போட்ட சோறு அதன் வாய்க்குள் போய், அப்படியே செவுள் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட வேண்டும் என்றுதான் படியிறங்கினேன். சைவம், புண்ணியம், சாமி மீன், எல்லாவற்றையும் அவன் முகத்தில் எறிய வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் போனதும் அவன் திரும்பிப் பார்த்தான். கையில் அடுத்த பிடிச் சோறு அப்படியே நின்றிருந்தது.

"ஏட்டி லெச்சுமி," என்றான். "ஆஸ்பத்திரியில செல்வியும் கடேசியா இப்படித்தான் வாயத் தெறந்து தெறந்து மூடினா. ரெண்டு நாளாத் தின்னலியே, பசிக்கோன்னு நெனச்சேன். கெடந்தவாக்குல நாந்தான் பால ஊத்தினேன்."

அந்தப் பாலை எங்கள் தெருவில் அறியாதவர்கள் இல்லை. மதினி போன துஷ்டி வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதைத்தான் சொன்னார்கள். புருஷன் கையால் பால் குடித்துக்கொண்டு போனாள், கொடுத்துவைத்தவள் என்று. வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னவள் நான்.

"அன்னைக்கும் பசியில்லயோ?" என்று கேட்டான்.

என் வாய்க்குத் தெரியாத பதிலா? நாறுகிற தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி, அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோற்றை வாங்கிக்கொண்டேன். கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.